வந்து தங்கிப் போகிறவர்களின் ஊர்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி இருந்ததால் அந்தக் கடைசி வரி. இதோடு ஊர்ப் பெண்களின் அழகைப் பற்றியும் ஒரு வரி சேர்ப்பார்கள். அதைச் சொல்லும் ஆண்களுக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் கிடையாது என்பதால் விட்டுவிடலாம்.

இந்தக் கிண்டலை வெளியூர்க்காரர்களைவிட நாங்கள்தான் அதிகம் சொல்வோம். மதுரைக்காரர் ஒருவரிடம் அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள், மல்லிகைப்பூவில் ஆரம்பித்து ஜிகர்தண்டாவில் முடிக்க அரை மணி நேரம் ஆகும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி எழுந்திருக்காது. வேலூர்க்காரர் மட்டும், "எங்க ஊரா? அது வெயிலூருங்க" என்று மற்றவர் வாரிவிடுவதற்கு முன்னால் தானே தன் காலை வாரிக்கொள்வார். நான் கல்யாணமாகிக் கோவைக்கு வந்து நெடுநாளாகிறது. இங்கே வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் என் கண்ணிலேயே பட்டது. ஊர்ப் பெருமை பேசுகிற கூட்டத்தில் என்னால் ஒட்ட முடிவதில்லை. ஆனால் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பாட்டியோடு பத்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்கிறேன். ஏன் இப்படி என்று யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: வேலூரில் முக்கியமானவர்கள் எப்போதும் வெளியிலிருந்து வந்தவர்கள். வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களைக் கவனித்துக் கவனித்தே உள்ளூர்ப் பிள்ளைகள் நாங்கள் ஆளானோம்.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்களேன். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக்குக் கீழிருந்த நாயக்கர்கள் கட்டியது. அப்புறம் பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், ஆற்காட்டு நவாப், ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே போனது. ராஜாக்கள் வராமல் இல்லை, கைதிகளாக வந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்து கோட்டையில் மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்று காலையே அதை நசுக்கிவிட்டது. திப்புவின் வாரிசுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்து வருஷம் கழித்துக் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வந்து சேர்ந்தான். 1832-இல் இங்கேயே செத்தும் போனான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் அவனுடைய சமாதி இருக்கிறது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிப்போய்ப் பார்ப்பார்கள், நாங்கள் பஸ்ஸில் போகும்போது பார்ப்போம்.

தஞ்சாவூர்ப் பிள்ளைகள் ராஜராஜனை 'எங்க ராஜா' என்பார்கள். எங்களுக்கு வாய்த்த ராஜாக்கள் எங்களை ஆளவில்லை. எங்கள் ஊரில் அடைபட்டுக் கிடந்தார்கள். பள்ளியில் கோட்டையைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போன நாளில் டீச்சர் சொன்னதெல்லாம் யார் எப்போது வந்தார்கள், எப்போது கொண்டுபோகப்பட்டார்கள் என்பதுதான். சாமியும் அப்படியே. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் இல்லாமல் பல தலைமுறை போனது. சத்துவாச்சாரியில் வைத்திருந்ததை 1981-இல் திரும்பக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அங்கே பூசை நடக்கிறது. "சாமியே வெளியூர் போயிட்டுத்தான் வந்தாரு" என்பார் என் ஆயா. கல்யாண மண்டபத்துத் தூண் சிற்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இதை மட்டும் ஊருக்கே சொல்வார்.

ஆனால் என்னை வளர்த்தது கோட்டை இல்லை, ஆஸ்பத்திரி. 1900-இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. ஆண்களுக்கு அங்கே படிக்க இடம் கிடைத்தது 1947-இல்தான். இந்தியாவில் முதல்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது இங்கேதான், 1971-இல். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்கு சி.எம்.சி. என்றால் அப்பாவின் கடைக்கு வரும் ஆட்கள்.

தோட்டப்பாளையத்தில் ஒரு சந்தில் கடை. போர்டில் மளிகை என்றுதான் இருக்கும். பாதி வியாபாரம் வாடகைப் பாத்திரம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும், எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் ஒரு குடும்பமே ரயில் ஏறிக் காட்பாடியில் வந்து இறங்கும். ஒருவருக்கு வைத்தியம், மூன்று பேர் துணை. டெஸ்ட், ரிசல்ட், ஆபரேஷன், தையல் பிரிப்பது என்று இரண்டு மாதம்கூட ஆகும். அத்தனை நாள் ஓட்டலில் சாப்பிடக் காசுக்கு எங்கே போவார்கள்? அதனால் லாட்ஜிலேயே சமைத்துக்கொள்வார்கள். அப்பா கொடுப்பது ஒரு பம்ப் ஸ்டவ், இரண்டு அலுமினியப் பாத்திரம், மூடிகள், ஒரு வாணலி, கரண்டி, தட்டு, டம்ளர், ஒரு பிளாஸ்டிக் வாளி, கோரைப் பாய். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நோட்டில் லாட்ஜ் பெயரும் ரூம் நம்பரும் எழுதிக்கொள்வார். அந்த நோட்டில் ஆட்களின் பெயரே இருக்காது. ரூம் நம்பர்தான்.

ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது என் வேலை. படியேறிப் போய், பின் குத்தி, பம்ப் அடித்துப் பற்றவைத்துக் காட்டிவிட்டு வர வேண்டும். கடுகு எண்ணெய் காய்கிற வாசனை அந்த லாட்ஜ்களின் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. எங்கள் சமையலில் கடுகு தாளிக்கத்தான். அதிலேயே மீனைப் பொரிப்பார்கள் என்பது முதலில் எனக்கு நம்பவே முடியாத விஷயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். எங்கள் தெருவில் காய் விற்கிறவர் உட்பட எல்லோருக்கும் கொஞ்சம் வங்காளம் வரும். 'கொத்தோ' என்று கேட்டால் விலை சொல்லவும், வயதான அம்மா வந்தால் 'மாஷீமா' என்று கூப்பிடவும் எனக்கு ஆறு, ஏழு வயதிலேயே தெரியும். வங்காள எழுத்தில் போர்டு வைத்த மருந்துக் கடைகள் நிறைந்த தெருவில்தான் நான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

கடையில் சொல்லப்படாத சட்டம் ஒன்று இருந்தது. யாருக்கு என்ன வியாதி என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நாமாகக் கேட்கலாம் என்றால் ஒன்றே ஒன்றுதான், சாப்பிட்டாயிற்றா என்று. பாத்திரங்கள் திரும்பி வருவதில் இரண்டு விதம் உண்டு. சில சமயம் குடும்பமே சிரித்துக்கொண்டு வந்து கொடுக்கும், ஸ்டேஷனுக்கு ஆட்டோ நிற்கும். சில சமயம் ஒருவர் மட்டும் வந்து வைத்துவிட்டு நிற்பார். முதல் விதத்துக்கு அப்பா எல்லாவற்றையும் எண்ணுவார், மூடி ஒடுங்கியிருந்தால் பிடித்துக்கொள்வார், பேரம்கூடப் பேசுவார். இரண்டாவது விதத்துக்கு எண்ணாமலே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்படித்தான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாரோ, அதைப் பற்றி வீட்டில் பேசவும் மாட்டார். அம்மாதான் மறுநாள் பாத்திரம் குறைவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கணக்கைச் சரிசெய்வார்.

காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆஸ்பத்திரி. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வேலையை ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் வேலூரில்தான் தொடங்கினார். அந்த நோயால் விரல் இழந்தவர்கள் கடைக்கு வருவார்கள். காசை கையிலிருந்துதான் வாங்க வேண்டும், மேசைமேல் வைக்கச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. இதை நாங்கள் நல்ல குணம் என்று நினைத்துச் செய்யவில்லை. அது கடை வழக்கம், அவ்வளவுதான். வேறு ஊரில், அதே மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் பஸ்ஸில் ஆட்கள் எழுந்து நின்றதைப் பார்த்தபோதுதான், இது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம் இல்லை என்பதே தெரிந்தது.

மனிதர்கள் நல்லவர்களாகிவிட இது போதும் என்று யாராவது நினைத்தால் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். மொழி தெரியாத, தூக்கம் இல்லாத, மடியில் கட்டுக் காசோடு வந்திறங்குகிறவர்களிடம் இரட்டிப்பு வாடகை கேட்கிற ஆட்டோ, கமிஷனுக்கு லாட்ஜ் பிடித்துத் தருகிற புரோக்கர், எல்லோரும் என் ஊர்க்காரர்கள்தான். என் அண்ணனே அந்த வீட்டில், அந்தக் கடையில், என்னோடுதான் வளர்ந்தான். அவனுக்கு வாய்த்த பாடம் வேறு. "வர்றவங்க வருவாங்க, போறவங்க போவாங்க. நாம இங்கயேதான கீறோம்? நம்ம பொழப்பப் பாக்க வாணாமா?" என்பான். எண்ணாமல் அட்வான்ஸ் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அவன் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒரே ஊர், ஒரே கூரை, இரண்டு பேர். இடம்தான் மனிதரை உருவாக்குகிறது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை எப்படி முடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நானும் அவனும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதை ஊர்தான் முடிவு செய்தது. வேறு ஊரில் வளர்ந்திருந்தால் வேறு எதற்காவது அடித்துக்கொண்டிருப்போம்.

ஊர் ஊர் என்கிறோமே, அது எங்கே இருக்கிறது என்பதில்கூட எங்களுக்கு நிம்மதி கிடையாது. எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்களை எடுத்துப் போட்டால் சிரிப்பு வரும். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியாகப் போக, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. என் பள்ளிச் சான்றிதழில் அந்தப் பெயர். அப்புறம் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவானபோது வேலூர் மாவட்டம். அண்ணன் மகளுக்கு அது. 2019-இல் மறுபடியும் பிரித்தார்கள். வாலாஜாவில் இருக்கும் சித்தி ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரர், வாணியம்பாடியில் இருக்கும் பெரிம்மா திருப்பத்தூர் மாவட்டம். இவர்களில் ஒருவர்கூட வீடு மாறவில்லை.

ஆயா சித்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர். 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். திருப்பதிகூட அப்போது எங்கள் மாவட்டம். அந்த வருஷம் சித்தூர் தனி மாவட்டமாகி, 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆயாவின் பிறந்தகம் வேறு மாநிலமாகிவிட்டது. ஆயா கொஞ்சும்போது தமிழில் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்கு. எதிர்வீட்டு அத்தா உருது பேசுவார், தெருமுனை லாட்ஜ் வங்காளம், பள்ளிக்கூட ஜெபத்தில் கொஞ்சம் இங்கிலீஷ். இதற்கு நடுவில் எங்கள் தமிழ். 'இன்னா', 'கீது', 'இட்டுக்கினு' என்று நான் பேசியதைக் கேட்டு என் மாமியார் வீட்டில் முதல் வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். கொங்குத் தமிழின் மரியாதையில் கொஞ்ச நாள் ஒதுங்கிப் பார்த்தேன். இப்போது போனில் அண்ணனிடம் பேசும்போது மட்டும் பழையபடி ஆகிவிடுகிறேன். என் பையன் அந்த அறையை விட்டு எழுந்து போய்விடுகிறான்.

அம்மாவின் ஊர் குடியாத்தம் பக்கம். அங்கே போனால் கதையே வேறு. அங்கே யாரும் வந்து போகிறவர்கள் இல்லை. தெருவில் கால் வைத்ததும் "யாரு வூட்டுப் பொண்ணு?" என்பார்கள். கிணத்துமேட்டார் பேத்தி என்றால் போதும், மூன்று தலைமுறைக் கதையை அவர்களே எடுத்துச் சொல்வார்கள். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணாலும் செம்மண்ணாலும் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள், ஒரு தென்னை மர நீளம் இருப்பான். பீமன் வேஷக்காரர் தொடையில் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். பெண்கள் துடைப்பமும் முறமுமாக ஓடுவார்கள். என் மாமா பெண் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துவந்து வீட்டுப் பரணில் வைப்பாள். அவளுக்குத் துரியோதனனே உள்ளூர்க்காரன், அவனைத் திட்டுகிற உரிமை அவளுக்கு இருந்தது. எனக்கு அந்த மாதிரி ஒரு விரோதிகூடக் கிடையாது. பதினைந்து வயதில் எனக்கு அவள்மேல் பொறாமையே இருந்தது.

பொறாமை கொஞ்சம் தணிந்தது அந்த ஊரின் வரைபடம் எனக்குப் புரிய ஆரம்பித்தபோது. "யாரு வூட்டுப் பொண்ணு?" என்ற கேள்வி பாசத்தோடு கேட்கப்படுவதுதான், ஆனால் அதன் மறுபக்கம் சாதி. கோயில், தேர் ஓடுகிற தெருக்கள், கிணறு எல்லாம் ஒரு பக்கம். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. படுகளத்தைப் பார்க்க அங்கிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், ஆனால் நின்று பார்க்கும் இடம் வேறு. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து சண்டாளச்சி என்ற தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் உடலில் பொருத்துவார்கள். லட்சக்கணக்கான பேர் கும்பிடுகிற அம்மனுக்குத் தலை ஒரு குலம், உடல் ஒரு குலம். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ஓடையைத் தாண்டிப் பெண் எடுக்க மாட்டார்கள். 'நான் வளர்ந்த கிராமம்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓடைக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள். அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஊர் என்பது முதலில் விட்டுப் போக வேண்டிய இடமாக இருந்திருக்கலாம்.

அந்த ஊரின் பெண்களைக் கொஞ்சமாவது மாற்றியது கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஷூ கம்பெனி. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தோல். விடிகாலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். டிபன் பாக்ஸும் கையில் சுருட்டிய துப்பட்டாவுமாகப் பெண்கள் ஓடி ஏறுவார்கள். மாமா பெண் பன்னிரண்டாவது முடித்ததும் ஏறியவள்தான். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற லைனில் அவளுக்கு இடதுபக்கம் காலனிப் பெண், வலதுபக்கம் ஆம்பூரில் உருது பேசும் வீட்டுப் பெண். ஒரே கேன்டீன். ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துச் சாப்பிடுவார்கள். ஆம்பூர் வீட்டில் கல்யாணம் என்றால் சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் லைன் முழுக்க வரும். சாயங்காலம் திரும்பும்போது மட்டும் வேன் எங்கள் அம்மா ஊரில் இரண்டு இடத்தில் நிற்கும். காலனி நிறுத்தம் தனி. மாமா பெண் இதைச் சொன்னபோது, "அது வேன்காரன் பழக்கம்" என்றாள். அவளிடம் நான் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் மகள் இப்போது அதே காலனித் தோழியின் மகளோடு ஒரே வண்டியில் டியூஷன் போகிறாள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

தோல் என்று சொல்லிவிட்டுப் பாலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று கேட்டால் வெளியூர்க்காரர் சிரிப்பார். எங்களுக்கும் சிரிப்பு வரும், ஆனால் நாங்கள் வேறு எதையும் பார்த்ததில்லை. எனக்கு ஆறு என்றால் மணல். அகலமாக, வெள்ளையாக, நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும் மணல். கோவையில் முதல்முறை நொய்யலில் தண்ணீர் ஓடியதைக் காட்டி, "பாரு, எவ்ளோ கம்மியா ஓடுது" என்று என் கணவர் வருத்தப்பட்டார். நான் கல்லில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. ஓடும் தூரத்தில் பெரும்பங்கு நமக்கு, தண்ணீரின் பிறப்பிடம் நமக்கு இல்லை. 1892-ஆம் வருஷ மைசூர் - சென்னை ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. இருந்தும் மேலே அணைகள் ஏறிக்கொண்டே போயின. கீழே நாங்கள் மட்டும் சும்மாவா இருந்தோம்? லாரி லாரியாக மணலை அள்ளினோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் அது முக்கியமானது. சட்டக் கல்லூரிகளில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் பாடம் எடுக்கிறார்கள். சாம்பாரில் கழிவு வாடை அடித்ததால் கிடைத்த புகழ். அதே பாலாறும் தோலும்தான் மாமா பெண்ணின் வீட்டில் அரிசியும் பள்ளிக் கட்டணமும். ஆலை மூடினால் சந்தோஷமா, வருத்தமா என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் 2021 நவம்பர். பாலாற்றில் கரை கொள்ளாத வெள்ளம். வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனது என்றார்கள். 1903 வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி, இப்படி ஒன்றை எங்கள் தலைமுறை பார்த்ததில்லை. தரைப்பாலங்கள் முழுகின, கரையோர வீடுகள் போயின. அண்ணன் வீடியோ கால் போட்டுக் காட்டினான். பாலத்தின்மேல் கூட்டம். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுவந்து ஆற்றில் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் விரட்ட விரட்டத் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தார்களாம். "இன்னா பாப்பா, எப்டி கீது?" என்றான் அண்ணன், ஏதோ அவனே கொண்டுவந்து விட்ட தண்ணீர்போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த என் மாமியாருக்கு, வெள்ளத்தைப் பார்த்து ஒருத்தி சந்தோஷத்தில் அழுவாளா என்று புரியவே இல்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தும் ஆற்றைப் பார்க்காதவளுக்குத்தான் அது புரியும்.

வெயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாலு பக்கமும் பாறை மலை, கடல் காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் பேப்பரில் வேலூர் பெயர் முதலில் வந்தால் நாங்கள் அதையும் ஒரு ரேங்க் மாதிரிதான் படிப்போம். அவ்வளவு போதும்.

கோவையில் புதிதாக அறிமுகமாகிறவர்கள் "எந்த ஊரு?" என்பார்கள். வேலூர் என்றால் அடுத்த வார்த்தை, "அட, சி.எம்.சி.! எங்க பெரியப்பாவை அங்கதான் கூட்டிட்டுப் போனோம்." எனக்கு ஊர் என்பது எதிரே நிற்கிறவருக்குக் குடும்பத்தின் மோசமான ஒரு மாதம். ராத்திரியெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது, டோக்கன், ரத்தம் கொடுக்க ஆள் தேடியது எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் வரும். நான் கேட்டுக்கொள்வேன். எந்த லாட்ஜில் தங்கினீர்கள் என்று கேட்டு, அந்தத் தெரு எனக்குத் தெரியும் என்று சொல்வேன். பெரியப்பா என்ன ஆனார் என்று கேட்க மாட்டேன், அவர்களாகச் சொல்லும்வரை. இந்த ஒரு பழக்கத்தை வைத்து மட்டும், கூட்டத்தில் இன்னொரு வேலூர்க்காரரை என்னால் அடையாளம் கண்டுபிடிக்க முடியும். எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டு பேரை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒருவர் கொசப்பேட்டை, இன்னொருவர் சைதாப்பேட்டை. வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு.

அப்பா போன பிறகு பாத்திர வாடகையை அண்ணன் நிறுத்திவிட்டான். இப்போது லாட்ஜ் ரூமிலேயே கேஸ் அடுப்பும் பாத்திரமும் இருக்கின்றன. இல்லாவிட்டால் கரண்ட் அடுப்பைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். 2022-இல் ராணிப்பேட்டைப் பக்கம் சி.எம்.சி.யின் புதிய வளாகம் திறந்ததிலிருந்து, ரத்தினகிரி சாலையில் லாட்ஜ்கள் முளைக்கின்றன. முருகன் கோயில் மலையடிவாரத்தில் வங்காள போர்டுகள் வந்துவிட்டன. அங்கே ஒரு கட்டடத்தை லீசுக்கு எடுக்கப்போகிறானாம் அண்ணன். பதினான்கு ரூம். பணத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறான்.

தருகிறேன் என்றேன். ஆனால் ஒவ்வொரு தளத்திலும் பொதுச் சமையலறை இருக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு வாங்கக் கூடாது என்றேன். "அப்பா மாதிரியே பேசற. மேல நாலு ரூம் போட்டா அந்த எடத்துல மாசம் எவ்ளோ வரும் தெரியுமா?" என்றான். ஒரு தளத்திலாவது வை என்றேன். அண்ணிக்கு என் பக்கம் சாய்வு, ஆனால் வெளியே சொல்லவில்லை. ஆடி போகட்டும், ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.